கேட்கப்படாதவர் என்றொரு கடைசி வரி

போன மாதம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தது. பெயர் துஷ்யந்தி, செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவளாம். பழைய செய்திப் பிரதிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் கையெழுத்துப் பிரதிகளின் அடியில் எல்லாம் "கேட்கப்படாதவர்" என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது ஒரு நாளும் பத்திரிகையில் அச்சாகவில்லை, அது என்ன என்று கேட்டாள். கணினியில் செய்யும் புதிய படிவத்தில் அதற்கு இடம் விடவேண்டுமா என்பதுதான் அவளுடைய சந்தேகம். அதோடு, போர் நடந்த நாடுகளில் சமாதானத்தைக் கட்டியெழுப்ப ஊடகம் என்ன செய்யலாம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பயிலரங்கு வைக்கிறார்களாம், நான் வந்து அரை மணித்தியாலம் பேசவேண்டுமாம்.

பேச ஏலாது, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இப்படியான பயிலரங்குகள் பலவற்றுக்குப் போனவள் நான். நல்ல சாப்பாடு தருவார்கள். பதாகையில் சமாதானம் என்று பெரிதாக எழுதி, குளிரூட்டியைக் கூட்டிவைத்து, நாள் முழுக்க இருத்திவிடுவார்கள். போகும்போது ஒரு துணிப்பையும் தருவார்கள். குறை சொல்லவில்லை, அந்தப் பைகளில்தான் இன்றைக்கும் மரக்கறி வாங்குகிறேன். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்றால் எனக்குப் புத்திமதிதான் வருகிறது. நடந்ததைச் சொல்வதென்றால் எழுதத்தான் வேண்டும்.

நான் பிறந்தது புங்குடுதீவு மடத்துவெளியில். கலியாணம் செய்து ஊர்காவற்றுறைக்கு வந்தேன். பத்திரிகைக்குள் நுழைந்தது ஒப்புநோக்குபவராக. தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த காலம் அது. கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் பிழை தேடித் தேடிக் கண் பழகிவிட்டது. பிறகு இடப்பெயர்வு, பிறகு திரும்பி வந்தது, எல்லாரும் பட்டதுதான், அதை இங்கே விரிக்கவில்லை. தீவுப் பக்கம் செய்தியாளராகப் போக ஆண்கள் தயங்கினார்கள். பெண் என்றால் சோதனைச் சாவடியில் குறைவாகத்தான் விசாரிப்பார்கள் என்று அலுவலகத்தில் யோசித்து என்னை அனுப்பினார்கள். அந்த யோசனை பிழைத்தது. எனக்குத்தான் கூட விசாரணை. இருந்தும் இருபத்தைந்து வருடம் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் நான்தான்.

என் செய்தி ஆசிரியர் அருளம்பலம் அண்ணை. ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சிவப்புப் பென்சிலைச் சவர அலகால் சீவிக்கொண்டே எங்கள் பிரதியை வாசிப்பார். சீவுவது நின்றால் பிழை கண்டுவிட்டார் என்று அர்த்தம். எல்லாரையும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

வந்த புதிதில் நெடுந்தீவுப் படகு பழுதானதைப் பற்றி ஒரு செய்தி அனுப்பினேன். தலைப்பு "நெடுந்தீவு மக்கள் விசனம்". அந்த நாளில் எங்கள் பத்திரிகைகளில் மக்களுக்கு வேறு தொழிலே கிடையாது, காலையில் எழும்பி விசனப்படுவதுதான். அருளம்பலம் அண்ணை சீவுவதை நிறுத்தினார். எந்த மக்கள், எத்தனை பேர் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, கதைத்தது மூன்று பேருடன் என்றேன். அடுத்த நாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் "நெடுந்தீவில் மூவர் விசனம்" என்று வந்தது, கீழே மூவரின் பெயரும். எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் அதிகாரிகள் அந்த மூன்று பேரையும் தேடிப்போய் விசாரித்தார்கள், அதே கிழமை படகும் திருத்தப்பட்டது. மக்கள் விசனப்பட்டால் யாரிடம் போய் விசாரிப்பது? மூவர் என்றால் வீடு தேடிப் போகலாம்.

இரண்டு விதிகள் வைத்திருந்தார். பிரதியின் இடப்பக்க ஓரத்தில் ஒவ்வொரு பந்திக்கும் நேரே, கண்டதா கேட்டதா என்று குறிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் "கேட்கப்படாதவர்" என்று எழுதி, இந்தச் செய்தியில் பெயரோ செயலோ வந்தும் நான் போய்க் கேட்காதவர் யார் என்று குறிக்கவேண்டும். அது வாசகருக்கு அல்ல, அவருக்கு. அந்த வரியில் யாராவது இருந்தால் செய்தி ஒரு நாள் காத்திருக்கும். மற்றப் பத்திரிகைகள் முந்திவிடும் என்று நாங்கள் புறுபுறுப்போம். "முந்தினவன் எழுதினதை நாளைக்கு ஆர் திருத்திறது? நாங்கள்தானே. பொறுத்து எழுதினா ஒரு வேலையோடை முடியும்" என்பார்.

துஷ்யந்தி, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். படிவத்தில் இடம் விடு. ஏன் என்பதற்கு, நான் அந்த வரியை ஒழுங்காக நிரப்பியும் பிழைவிட்ட கதையைச் சொல்கிறேன்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தென்பகுதியிலிருந்து கடலட்டை பிடிப்பவர்கள் அனுமதியோடு வந்து, ஊர்காவற்றுறைக்கு அப்பால் ஒரு கரையில் கூடாரம் அடித்து வாடி போட்டிருந்தார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுழியோடி அட்டை பொறுக்கும் தொழில். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் தொழிலுக்குப் போகவே அனுமதி இல்லாமல் எத்தனை வருடம் கிடந்தோம், இப்போது வேறு யாரோ வந்து அள்ளுகிறார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. அதில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஒரு காலை துறையடியில் சனம் கூடி நின்றது. நடுவில் மரியதாஸ் தன் வலையை விரித்துப் போட்டிருந்தார். நாரந்தனைக்காரர், கத்தோலிக்கர், கடலைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவர். கடலடியில் விரித்துவைத்த வலை நடுவில் வெட்டப்பட்டிருந்தது. ஒரு ஆள் புகுந்து வரக்கூடிய ஓட்டை. குனிந்து பார்த்தேன், கத்தியால் வெட்டிய வெட்டு, சந்தேகமில்லை. வாடிக்காரர்தான் செய்தது என்று அங்கே நின்ற எல்லாரும் சொன்னார்கள். அவர்களுடைய படகு அந்த இடத்தில் நின்றதை இரண்டு பேர் கண்டுமிருந்தார்கள். மரியதாஸின் மகன் அன்ரன், இருபத்திரண்டு வயது, வலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அருளம்பலம் அண்ணை அந்தக் கிழமை கண் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். உதவி ஆசிரியர் முன்பக்கத்துக்குச் செய்தி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். நான் எழுதி அனுப்பினேன். ஓரத்தில் "கண்டது" என்று பெருமையாகக் குறித்தேன், வெட்டை என் கண்ணால் பார்த்தேன் அல்லவா. அடியில் "கேட்கப்படாதவர்: வாடியில் இருப்பவர்கள், மொழி தெரியாது" என்றும் மறக்காமல் எழுதினேன். உதவி ஆசிரியர் ஒரு நாள் பொறுக்காமல், அந்த வரியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டார். "தென்பகுதியினரால் வலைகள் வெட்டிச் சேதம்: மீனவர் விசனம்." கீழே என் பெயர். ஒரு வலை "வலைகள்" ஆனதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் துறையில் அதை ஒருவர் சத்தமாக வாசித்தாராம். மத்தியானம் அன்ரனும் இன்னும் இரண்டு பொடியன்களும் வாடிக்குப் போனார்கள். கூடாரத்தைப் பிடுங்கி, காயப்போட்டிருந்த அட்டையைக் கடலில் கொட்டினார்கள். தடுக்க வந்த ஒருவரின் தலையில் அன்ரன் துடுப்பால் அடித்தான். மூன்று தையல். பொலிஸ் வந்தது, மூன்று பேரும் விளக்கமறியலுக்குப் போனார்கள். கொழும்பில் ஒரு சிங்களப் பத்திரிகை வடக்கில் தாக்குதல் என்று எழுதியது. அவர்களும் யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அருளம்பலம் அண்ணை ஒரு கண்ணில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டு கதிரையைக் காட்டினார். என் பிரதியை மேசையில் விரித்து மற்றக் கண்ணால் வாசித்தார். பென்சில் சீவவே இல்லை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"யோகம், உந்த மொழி தெரியாதது ஆருக்கு? உமக்கோ, அவையளுக்கோ?"

"எனக்குச் சிங்களம் தெரியாது அண்ணை."

"அவையளுக்குத் தமிழ் தெரியாதெண்டு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நானாக நினைத்தேன். போய்க் கேட்டுக்கொண்டு வாரும் என்றார், அவ்வளவுதான். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

துறையிலிருந்து அந்தக் கரைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். திரும்பவும் கட்டிய கூடாரத்துக்கு முன்னால் ஒருவர் தலையில் கட்டோடு இருந்தார். அன்ரனிடம் அடி வாங்கியவர் அவர்தான். வாடிக்குத் தலைவரும் அவர்தான், ஸ்ரான்லி. என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க அக்கா, இருங்க" என்று தமிழில் சொன்னார். சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கர். பள்ளிக்கூடத்தில் சிங்களம், வீட்டில் தாயோடு தமிழ். எனக்கு அந்த மணலிலேயே புதைந்துபோகலாம் போல் இருந்தது.

நடந்ததை அவர் சொன்னார். விடிகிற நேரம் றொஷான் என்ற சுழியோடி கீழே போயிருக்கிறான். தண்ணீர் கலங்கியிருந்தது. சிலிண்டரின் வாய் வலையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் சுற்றியது. காற்று முடிகிற நேரம், ஸ்ரான்லி கத்தியோடு இறங்கி வலையை வெட்டி அவனை மேலே கொண்டுவந்தார். நேரே வைத்தியசாலைக்கு ஏற்றிப் போனார்கள். வலைக்காரரிடம் சொல்ல வந்தபோது துறையில் சனம் கூடி நின்றது, பயத்தில் திரும்பிவிட்டார்கள்.

"கயிற வெட்டல்ல அக்கா" என்றார் ஸ்ரான்லி. "கண்ணிய மட்டுந்தான் வெட்டின. கயிறு போனா வலையே போச்சே. நாங்களும் வல வச்சிருக்கிற ஆளுங்கதான்."

ஏன் பிறகாவது வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை.

"நாங்க வராதது பிழைதான். நீங்க பத்திரிகக்காரங்க. நீங்களும் வந்து கேக்கல்லையே அக்கா."

அதையும் எழுதிக்கொண்டேன். கூடாரத்துக்குள் படுத்திருந்த றொஷானைக் கூப்பிட்டார். அன்ரனின் வயதுதான் இருக்கும். கழுத்தில் வலைநூல் அறுத்த தழும்பு சிவந்து கிடந்தது. வைத்தியசாலையிலும் போய் விசாரித்தேன். அந்தக் காலையில் அப்படி ஒருவர் கொண்டுவரப்பட்டது உண்மை என்றார்கள். நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி, வலை வெட்டப்பட்டது, வெட்டியவர்கள் அவர்கள், கத்தியால்தான் வெட்டினார்கள். செய்தி மட்டும் பிழை.

இனித்தான் சிக்கல். மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். மனைவி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. விஷயத்தைச் சொல்ல வாயெடுத்ததும் மரியதாஸ் கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"அக்கா, நீங்கள் எழுதினதாலைதான் பொடியன் உள்ளுக்கை. இப்ப மாத்தி எழுதினா, ஒரு காரணமும் இல்லாமல் அடிச்சவன் எண்டு ஆகிப்போகும். உங்களுக்கு ஒரு செய்தி. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை."

அவர் சொன்னது நியாயம். அவர்களுடைய சட்டத்தரணியும் அதைத்தான் சொல்லியிருந்தார்: வலை வெட்டினார்கள், ஆத்திரத்தில் பொடியன்கள் போனார்கள், அதுதான் வழக்கில் இருக்கும் ஒரே பிடி. என் இரண்டாவது செய்தி அந்தப் பிடியை அறுத்துவிடும். அருளம்பலம் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. முதல் செய்தி என் பெயரில் வந்தது, ஆகவே முடிவும் என்னுடையது என்றார். போடுவதென்றால் முன்பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் போடுவார். மூலையில் ஒரு சின்னத் திருத்தம் போடமாட்டார். முன்வாசலால் போன பிழை பின்வாசலால் வரக்கூடாதாம்.

இரண்டு நாள் யோசித்தேன். போடாமல் விட்டால் அன்ரனுக்கு உதவியாக இருக்கலாம். ஆனால் துறைக்கும் வாடிக்கும் நடுவில் கொதித்துக்கொண்டிருந்தது என் முதல் செய்தி. வாடிக்காரர் துறைப் பக்கம் வர ஏலாது, எங்கள் ஆட்கள் அந்தக் கடலுக்குப் போகப் பயந்தார்கள். அடுத்த துடுப்பு யாருடைய தலையில் விழுமோ தெரியாது. எழுதினேன். எழுதி முடித்து அடியில் "கேட்கப்படாதவர்" என்று போட்டபோது, எஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர். மரியதாஸ்.

பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவர் வீட்டுக்குப் போனேன். அச்சுக்குப் போக முன்னர் வாசித்துக் காட்டுகிறேன், பிறகு என்னை ஏசுங்கள் என்று சொன்னேன். முற்றத்தில் நின்றபடி வாசித்தேன். றொஷானின் கழுத்துத் தழும்பு வந்த இடத்தில் குசினி வாசலுக்கு அவருடைய மனைவி வந்து நின்றார். கயிற்றை வெட்டவில்லை என்று ஸ்ரான்லி சொன்ன இடத்தில் மரியதாஸ் எழும்பி உள்ளே போனார். கோபத்தில் போய்விட்டார் என்று நினைத்தேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் விரித்தார். மேற்கயிற்றை ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுக்கொண்டே நடந்தார். பிறகு அடிக்கயிறு. ஒரு கீறல் இல்லை. மிதவை ஒன்றும் அறவில்லை. எரிச்சலில் வெட்டுகிறவன் முதலில் கயிற்றைத்தான் வெட்டுவான், அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் அது தெரியும். துறையில் அன்றைக்கு முப்பது தொழிலாளிகள் நின்றார்கள், எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்களே ஒழியக் கயிற்றைப் பார்க்கவில்லை. நானும்தான்.

"கயித்திலை கை வைக்கேல்லை" என்றார் மரியதாஸ். "எனக்குச் சொல்லியிருந்தா நானே வெட்டி விட்டிருப்பன். ஒரு உயிரெல்லோ."

இதைப் போடலாமா என்று கேட்டேன். மனைவியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். "போடுங்கோ" என்றார் மரியதாஸ்.

அந்த வசனத்தோடு செய்தி முன்பக்கத்தில் வந்தது. என் முதல் செய்தி பிழை என்பது முதல் பந்தியிலேயே இருந்தது. அருளம்பலம் அண்ணை கொழும்புப் பத்திரிகைக்கும் ஆள் பிடித்துக் கதைத்தார். அவர்கள் உள்பக்கத்தில், சின்னதாகப் போட்டார்கள். அதற்கும் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார். துறையில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. விலைபோய்விட்டாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். மீன்காரப் பெண் ஒரு மாதம் எனக்கு மீன் தரவில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கத்தரிக்காயை விதம் விதமாகச் சமைத்துத் தந்து என்னைக் காப்பாற்றினார்.

மரியதாஸின் வசனத்தை ஸ்ரான்லிக்கு நானே வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, அவரும் றொஷானும் கோயில் வாசலில் நின்றார்கள். மரியதாஸ் நேரே அவர்களிடம் போனார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நின்றேன், அது செய்திக்கு இல்லை. நீதிமன்றம் முறைப்பாட்டை மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது. பொடியன்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஸ்ரான்லி சபையில் சொன்னார். அன்ரன் குனிந்த தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டான். வலை போட்ட இடத்தில் கொடி நட்டு அடையாளம் வைப்பது, கொடிக்குக் கிட்ட சுழியோடுவதில்லை என்று மீனவர் சங்கத்தில் இரு பகுதியும் ஒத்துக்கொண்டன.

அதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அட்டை யாருக்கு, அனுமதி யாருக்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். பத்திரிகையால் அதைத் தீர்க்க முடியாது. அருளம்பலம் அண்ணையும் இப்போது இல்லை. நான் ஓய்வெடுத்து நான்கு வருடமாகிறது. காலையில் மூன்று பத்திரிகை வாசிக்கிறேன், கைபேசியில் தீவுச் செய்திக் குழுக்கள் ஐந்தோ ஆறோ, அவற்றில் மக்கள் இன்னும் அதே உற்சாகத்தோடு விசனப்படுகிறார்கள். சிரித்துக்கொண்டு வாசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் நல்ல சந்தோஷமாக இருக்கிறேன்.

இந்தத் தை மாதம் மரியதாஸ் தொலைபேசி எடுத்தார். வலை திரும்பவும் கிழிந்துவிட்டதாம். துறையில் பொடியன்கள் கொதித்துக்கொண்டு நின்றார்களாம், யாரோ படம் எடுத்துக் கைபேசியில் போடவும் ஆயத்தமாம். பழக்கதோஷத்தில் பேனையைத் தேடினேன்.

"பிறகு வாடியிலை போய்க் கேட்டது. அவங்கள் செய்யேல்லை அக்கா. அடியிலை ஒரு பழைய இரும்பு கிடந்திருக்கு, அதிலை கொழுவி இழுபட்டிருக்கு. அவங்களே சுழியோடிப் பாத்து, இரும்பையும் தூக்கிக் கொண்டுவந்து தந்தவங்கள்" என்றார் மரியதாஸ். "செய்தி ஒண்டுமில்லை. சும்மா உங்களுக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தனான்."

வாடிக்கு யார் போனது என்று கேட்டேன்.

"அன்ரன்தான். படம் போட வெளிக்கிட்டவனை நிப்பாட்டிப்போட்டு, தனியத்தான் போனவன்."